தீர்மானம் எண் ஏழு

திருமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்ததால்
ஆசாரி வர அரை மணி தாமதம்.
அதற்குள் பாட்டு அறைக் கதவைச் சுற்றிக்
கமிட்டி முழுக்கக் கூடிவிட்டது.

நூற்றிரண்டு வருடத் தேக்கு, என்றார் ஞானதிரவியம்.
இதைப் போய் அறுக்கணுமா?
வேலு ஆசாரி விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.
தேக்கில்லைங்க. வேங்கை.
பாலிஷ் போட்டு இத்தனை நாள் ஏமாத்தியிருக்காங்க.

நான் இந்தச் சேகரத்தின் செயலாளர்.
பதினோரு வருடமாகக் குறிப்புப் புத்தகம் என் கையெழுத்தில்.
நீல மசி. அடித்தல் திருத்தல் கிடையாது.
போன மாதம் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தேன்:
பாடகர் குழுவிலிருந்து கெத்சியாள் விலகல். சொந்தக் காரணம்.
ஒரே வரி.
அதற்குக் கீழே அசனத்துக்கு ஆட்டுக்கறி
முப்பத்தெட்டு கிலோவா, நாற்பதா என்று
ஒன்றரைப் பக்கம்.

(கெத்சியாள் என்பது நான் இங்கே வைத்த பெயர்.
அவள் பெயர் அவளுடையது.)

சொந்தக் காரணமென்று எனக்கு யார் சொன்னது?
யாரும் சொல்லவில்லை.
அவளுக்குப் பதிமூன்று வயது.
கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன்.

அந்த மனுஷனுக்குப் பொன்னாடை போர்த்தினோம்.
அடுத்த சேகரத்துக்கு நற்சாட்சிக் கடிதம்,
அதுவும் நான் டைப் அடித்ததுதான்:
பிள்ளைகளிடம் மிகுந்த பிரியமுள்ளவர்.
அந்த ஊரிலும் ஒரு பாட்டு அறை உண்டு.

கெத்சியாளின் அம்மா வந்தது
அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்து,
பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் போன பிறகு.
செருப்பைக் கையில் பிடித்தபடி நின்று
ஐந்து நிமிடம் பேசினாள்.
குரலைத் தாழ்த்தச் சொல்லி என் கை
தானாக எழுந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காவல் நிலையத்துக்கு அவளோடு போனேன்.
அதற்குப் பிறகு எத்தனை போன்.
சபையின் பேர் என்னாகும்மா?
பெரிய இடத்துச் சம்பந்தம்மா, யோசிச்சீங்களா?
புது ஐயர் மட்டும் சொன்னார்:
பேர் கெட்டு மூணு வருஷமாச்சு. நமக்குத்தான் தெரியல.

ஆசாரி டேப்பை இழுத்தார். எந்த உயரத்துல கண்ணாடி?
பொருளாளர் தன் கண்ணுக்கு நேரே கையை வைத்தார்.
இங்க. போறவங்க வர்றவங்க உள்ள பார்க்கலாம்.

கீபோர்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தெபோராள்,
ஏழு வயது, முன்பல் இல்லை,
அப்ப எங்களுக்குத் தெரியாதே, என்றாள்.
உனக்கு என்ன தெரியணும்?
வெளிய யாராச்சும் இருக்காங்களான்னு.

ஒரு கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை
ஒருவரும் பேசவில்லை.

வேலு ஆசாரி ஓட்டெடுப்புக்குக் காத்திருக்கவில்லை.
காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.
அவளைக் கதவோரம் நிற்கவைத்து
கன்னத்துக்கு நேரே ஒரு கோடு,
பொருளாளர் நெற்றிக்கு நேரே இன்னொன்று.
இவ்வளவு நீளமா? கண்ணாடிக்குக் கூட நானூத்திப் பத்தாகும்.
பொருளாளர் பேரம் பேசாமல் எழுதிக்கொண்டதை
நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கடைசியாக உள்தாழ்ப்பாளைக் கழற்றினார்.
மரத்தில் நாலு ஓட்டை.
மெழுகு வெச்சு அடைச்சிரட்டுமா, தெரியாது, என்றார்.
தெரியட்டும், என்றேன்.

இரவு அந்தப் பழைய வரியை அடித்தேன்.
ஓரத்தில்: இது பொய். எழுதியவள் நான். கையெழுத்து, தேதி.
ஞாயிறன்று ஒரு தீர்மானம் வந்தது,
கெத்சியாளைப் பாடகர் குழுவுக்குத் திரும்ப அழைக்க வேண்டுமென்று.
அழைக்க வேண்டாம்,
போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று திருத்தம் கொடுத்தேன்.
பதினேழு பேரில் நாலு கை உயர்ந்தது.

அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
எழுதியிருக்கிறேன்.
எந்த நாலு கை என்றும் எழுதியிருக்கிறேன்.